எக்ஸ்எம்எம்-நியூட்டன் பிஎன் நிறமாலை: 8 கேஇவி பள்ளம், இரும்புக் கோட்டின் அகன்ற மேடு – எதை நம்புவது?

கேள்வி

எம்சிஜி-6-30-15 என்ற செய்ஃபர்ட் 1 வகை விண்மீன் திரளை (மையக் கருந்துளை பொருளை விழுங்கிப் பிரகாசிப்பது) எக்ஸ்எம்எம்-நியூட்டன், நியூஸ்டார் என்ற எக்ஸ்-கதிர் விண்வெளித் தொலைநோக்கிகள் 2013-இல் சேர்ந்து நோக்கிய தரவு. எக்ஸ்எம்எம்மின் பிஎன் கேமரா சிறு சாளர முறையில் (சில்லின் ஒரு சிறு பகுதியை மட்டும் படிப்பது) இருந்தது. மூலத்துக்கு 35 விநாடிக்கோண ஆரம். பின்னணிக்குச் சாளர ஓரத்தில் ஒரு வட்டம். 3–10 கேஇவியில் (கிலோ எலக்ட்ரான் வோல்ட், ஃபோட்டான் ஆற்றலின் அலகு) அடுக்குவிதி (ஆற்றல் கூடக்கூடச் சீராகக் குறையும் வளைவு) பொருத்தினால் 8 கேஇவி அருகே ஒடுங்கிய பள்ளம் தெரிகிறது. 4 முதல் 6.4 வரை அகன்ற மேடு. அடுக்குவிதிக்குப் பிஎன் தரும் சரிவும் நியூஸ்டார் தரும் சரிவும் ஒத்துவரவில்லை. பள்ளம் அதிவேக வெளியோட்டமா (நம்மை நோக்கி வீசப்படும் வாயு)? மேடு கருந்துளை அருகிலிருந்து வருவதா?

பதில் 1

பள்ளத்தை முதலில் பின்னணியில் தேடுங்கள். பிஎன் சில்லுக்கு அடியிலுள்ள மின்சுற்றுப் பலகையின் செம்பு 8.05 கேஇவியில் ஒளிர்கிறது. சில்லுத் தொகுதியின் மையத்தில் அது மிகக் குறைவு, ஓரத்துக்குப் போகப்போகக் கூடும். ஓரத்தில் எடுத்த பின்னணியைக் கழித்தால் மூலத்தில் இல்லாத செம்பையும் சேர்த்துக் கழிக்கிறீர்கள். அது 6.97 கேஇவி இரும்புக் கோடு ஒளிவேகத்தில் சுமார் 15 விழுக்காட்டு வேகத்தில் நம்மை நோக்கி வருவது போலவே தோன்றும்.

சோதனை எளிது: பின்னணி நிறமாலையை மட்டும் தனியே வரையுங்கள். 8.05-இல் கோடும், 8.6-இல் துத்தநாகமும் நின்றால் வட்டத்தை நகர்த்துங்கள். சாளரம் ஏறக்குறைய 4.4 நிமிடக்கோணம்தான், மூலத்தின் ஒளிச்சிதறலும் செம்பும் இரண்டும் குறைந்த மூலையைத் தேட வேண்டும். எக்ஸ்எம்எம்மின் மற்ற கேமராக்களான மோஸில் 8.05 செம்புக் கோடு பெரிதாக இல்லை. அங்கும் பள்ளம் வந்தால்தான் வெளியோட்டத்தைப் பற்றிப் பேசலாம்.

பதில் 2

சரிவுக்கு: ஈபாட்பிளாட் (எக்ஸ்எம்எம் மென்பொருளின் சோதனை நிரல்) ஓட்டி 0.5–2 கேஇவியில் ஒற்றை நிகழ்வுகள் (ஒரே படப்புள்ளியில் பதிந்தவை) மாதிரியைவிடக் குறைந்து, இரட்டை (இரு புள்ளிகளில் பதிந்தவை) கூடியிருக்கிறதா பாருங்கள். அப்படியானால் நிகழ்வுக் குவிப்பு. இரு மென் (குறை ஆற்றல்) ஃபோட்டான்கள் ஒரு வன் (உயர் ஆற்றல்) ஃபோட்டானாக எண்ணப்பட்டு நிறமாலை உயர் ஆற்றல் பக்கம் சாய்கிறது. நடுவில் 10 விநாடிக்கோணம் வெட்டி எறியுங்கள். பயன்பரப்பைக் (கருவி ஒளியைத் திரட்டும் திறனின் அளவு) கணக்கிடும் ஆர்ஃப்ஜென் நிரலுக்கும் அதே வளையத்தையே கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஒளிப்பாயம் பிழையாகும்.

பெரும்பாலும் காரணம் வேறு. நியூஸ்டார் தாழ்சுற்றில் ஓடுகிறது, ஏறக்குறைய ஒன்றரை மணிச் சுற்றில் பெரும் பகுதியைப் பூமி மறைக்கும். இந்தத் திரளோ சில ஆயிரம் விநாடிகளில் ஒளி மாறுவது. பிரகாசம் கூடும்போது சரிவும் மாறும். இரண்டு தொலைநோக்கிகளின் நற்கால இடைவெளிகளையும் (நல்ல தரவு கிடைத்த நேரங்கள்) வெட்டிப் பொதுப்பகுதியை மட்டும் வையுங்கள். அதன் பிறகும் மிச்சமிருந்தால் பிஎன் பயன்பரப்பை நியூஸ்டாருடன் ஒத்திசைக்கும் தெரிவை ஆர்ஃப்ஜென்னில் இயக்குங்கள்.

கேள்வி கேட்டவர்

பின்னணியில் செம்பு பளிச்சென்று இருந்தது. வட்டத்தை நகர்த்தியதும் பள்ளம் போய்விட்டது, மேடு அப்படியே நிற்கிறது.

பதில் 3

மேட்டுக்கு அவசரம் வேண்டாம். இத்திரளில் வெப்ப உட்கவரி (எக்ஸ்-கதிரை உறிஞ்சும் அயனியான வாயு) பலமானது. அதன் வளைவு 3 கேஇவிக்கு மேலும் நீண்டு, அடுக்குவிதியைத் தாழ்த்தி, போலி மேட்டை உண்டாக்கும். முதலில் ஆர்ஜிஎஸ் (எக்ஸ்எம்எம்மின் மென் எக்ஸ்-கதிர் நிறமாலைமானி) நிறமாலையால் உட்கவரியை நிர்ணயித்து பிஎன்னில் அப்படியே வையுங்கள். அடுத்து 6.35-இல் விழும் ஒடுங்கிய கோட்டுக்குத் தொலைவுப் பிரதிபலிப்பை, அதாவது கருந்துளைக்கு வெகுதொலைவிலுள்ள பொருளில் பட்டுத் திரும்பும் கதிரை, சேருங்கள் (செம்பெயர்ச்சி 0.0077, அதனால் 6.40 அல்ல). அது 6.35-இலிருந்து பல பத்து எலக்ட்ரான் வோல்ட் விலகினால் அளவுத்திருத்தக் கோப்புகள் பழையவை. புதுப்பித்து எல்லாவற்றையும் மறுபடி ஓட்டுங்கள்.

இதற்குப் பிறகும் எஞ்சும் மேட்டுக்கே சார்பியல் பிரதிபலிப்பு மாதிரி (கருந்துளைக்கு மிக அருகில் பட்டுத் திரும்பும் கதிர்). கூடவே பகுதி மறைப்பு மாதிரியையும் (வாயு மேகங்கள் மூலத்தின் ஒரு பகுதியை மறைப்பது) கட்டாயம் பொருத்துங்கள்: 10 கேஇவிக்குக் கீழே இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தரத்தில் பொருந்தக்கூடும். நியூஸ்டாரின் 20–30 கேஇவி மேட்டையும், பிரகாசமான, மங்கிய கட்டங்களின் தனித்தனி நிறமாலைகளையும் ஒரே அளவுருக்களால் விளக்க முடிகிறதா என்பதே தேர்வு. பிஎன்னின் பிரிதிறன் 6.4 கேஇவியில் சுமார் 150 எலக்ட்ரான் வோல்ட், அதாவது நொடிக்கு 7000 கிலோமீட்டர். மேட்டின் மேல் மெல்லிய உட்கவர் கோடுகள் கலந்திருந்தால் அதில் பிரியாது. 2023-இல் ஏவப்பட்ட எக்ஸ்ரிஸ்ம் என்ற எக்ஸ்-கதிர் செயற்கைக்கோளின் ரிசால்வ் கருவிக்கு 5 எலக்ட்ரான் வோல்ட் பிரிதிறன். ஆனால் அதன் வாயில் அடைப்பு திறக்காததால் 1.7 கேஇவிக்குக் கீழே தரவு இல்லை. மென்பகுதிக்கு ஆர்ஜிஎஸ் இன்னும் தேவைப்படும்.