மறு: குடிமக்கள் அறிவியல் – இதுக்கு வேற சொல் உண்டா?

அண்ணாச்சி, சாதாரண சனங்க ஆய்வுக்குத் தரவு சேத்துக் குடுக்குததுக்கு 'குடிமக்கள் அறிவியல்'ங்க பேரு (இங்கிலீஷ்ல citizen science) பரவலா ஓடிட்டுதான் இருக்கு, இல்லங்கல. எங்க பக்கம் குடிமகன்னா டாஸ்மாக் வாசல்ல நிக்குதவன்னு சிரிப்பாவ, அது கெடக்கட்டும். அகதி முகாம்ல குடியுரிமை இல்லாம இருக்க இலங்கைத் தமிழ்ப் பிள்ள ஒண்ணு ஜனவரில தாமிரபரணி நீர்ப்பறவை கணக்கெடுப்புக்கு வந்து குளத்துக் கரைல நின்னு நாரை எண்ணுதுன்னு வைங்க, அதுக்கு இந்தப் பேரு எப்படிப் பொருந்தும்? இங்கிலீஷ்லயே இதுக்காவ சில அமைப்பு பேர மாத்திட்டாவ.

'மக்கள் அறிவியல்' வேண்டாம், அறிவியல மக்கள்ட்ட கொண்டுபோற இயக்கத்துக்கு அந்தப் பேரு எப்பவோ போயிட்டு. இது எதிர்த்திசை. 2023 இந்தியப் பறவைகள் நிலை அறிக்கைல 942 இனத்த அலசுனாவல்லா, அது பெரும்பாலும் 30,000 பேரு இபேர்ட்ல (பறவை பாக்கவங்க பதிவு போடுத இணையதளம்) போட்ட 3 கோடி பதிவ வச்சுதான்.

நான் சொல்லுதது: ஊரார் அறிவியல். அதுல வேலை பாக்குத ஆளுக்கு, பங்காய்வர் (ஆய்வுல பங்கெடுக்கவர்). இதுக்கு நீங்க கேட்டது:

> ஊரார்னா அடுத்தவன்னு ஒரு நெடி அடிக்கே, 'ஊரார் பிள்ளைய ஊட்டி வளர்த்தா'ங்க மாதிரி. அப்புறம் பங்காய்வர் எதுக்கு, தன்னார்வலர் போதாதா?

நெடி இருந்தா இருக்கட்டும், பெரிய நிறுவனங்க அவங்கள அப்படித்தான நடத்துதாவ. ஆனா தன்னார்வலர் மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தச் சொல்லப் போட்டாச்சுன்னா பட்ஜெட்ல அவங்களுக்குன்னு ஒரு வரி இருக்காது, பஸ் காசு, டீ, பைனாகுலர் அம்புட்டும் கைக்காசு, தரவு மட்டும் பொது. பங்குன்னு சொன்னா வேலைலயும் பங்கு, முடிவெடுக்கதுலயும் பங்குன்னு கேக்கலாம். யுனெஸ்கோ 2021 நவம்பர்ல ஏத்துக்கிட்ட திறந்த அறிவியல் (ஆய்வும் தரவும் எல்லாருக்கும் திறந்திருக்கணும்ங்கது) பரிந்துரைல குடிமக்கள் அறிவியலையும் சேத்திருக்காவ, ஐரோப்பாவுல ஹொரைசன் யூரோப்ங்க ஐரோப்பிய ஒன்றியத்து ஆய்வு நிதிக்கு வர்ற விண்ணப்பத்த மதிப்பிடும்போது பொதுமக்களுக்கு எடம் குடுத்திருக்கான்னும் பாக்காவ. ஆனா 'சேத்தாச்சு'ன்னு டிக் அடிக்கது லேசுவே! திருநெல்வேலிப் பக்கம் கூந்தங்குளம் பறவைகள் சரணாலயத்து ஊர்ல கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் வீட்டு மரத்துல கூடு கட்டுனாலும் விரட்டாம பாத்துக்கிடுத சனம், எந்தக் குளத்த முதல்ல ஆராயணும், காசு எதுக்குன்னு பேசுத கமிட்டில அவுகள்ல ஒருத்தராவது உக்காரணும்லா. நம்ம கலைச்சொல்லு நாளைக்கு ஏதாவது அரசாணைல போயி உக்காந்தா, விளக்கக் குறிப்புல இதயும் சேத்து எழுதிப்புடணும், நான் வரைவு போடுதேன்.

'திறந்த அறிவியல்' சரியா 'திறவறிவியல்' சரியாங்க சண்டைய தனி இழைல வச்சுக்கிடுவோம் அண்ணாச்சி.