ரெண்டு பூட்டும் ஓர் அரிசி மூட்டையும்

கடைக்காரத் தம்பி:
மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் மளிகைக் கடை. டிசம்பர் மழையைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் மரம் நனைந்தால் பால்வெட்டு இல்லை, வெட்டு இல்லாத நாளில் கூலியும் இல்லை. அன்றைக்கு ஒன்பதாவது நாள். தோட்டத்து ஐயா ஒருவர், அத்தா காலத்து வாடிக்கை, 10 கிலோ அரிசி கடனுக்குக் கேட்டார். 555 கடன் புத்தகத்தில் அவர் பக்கம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. "கவலைப்படாதீங்க ஐயா, அல்லாஹ் பார்த்துக்குவான்" என்றேன். நல்ல மனதோடு சொன்னதாகத்தான் அப்போது நினைத்தேன்.

மழை விடட்டும் என்று கடை முன் நடைபாதையான அஞ்சடியிலேயே உட்கார்ந்திருந்தார். இஷா தொழுகைக்குப் போகக் கடையை அடைத்தேன். பிஸ்மில்லாஹ் சொல்லி ரெண்டு பூட்டு. வழக்கம்போல ரெண்டையும் இழுத்துப் பார்த்தேன். பின்னாலிருந்து குரல்: "ஏன் தம்பி, கடையை மட்டும் அவர் பார்த்துக்க மாட்டாரா?"

கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டார். சிரித்து மழுப்பிவிட்டுத் தொழுகைக்கூடமான சூராவுக்கு ஓடினேன். நாலு ரக்அத்தும் அந்தப் பூட்டுச் சத்தத்திலேயே போனது.

ஈப்போ நானா:
இதற்கெல்லாம் மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம் தம்பி. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் (அல்லாஹ்வை நம்பிப் பொறுப்பை ஒப்படைப்பது) வைக்கவா, அவிழ்த்துவிட்டு வைக்கவா என்று ஒருவர் கேட்டதற்கு, கட்டிவிட்டுத் தவக்குல் வை என்று ரசூலுல்லாஹ் (ஸல்) சொன்னது திர்மிதி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. பறவை ஹதீஸும் அதிலேதான். காலையில் ஒட்டிய வயிற்றோடு போய், மாலையில் நிறைந்த வயிற்றோடு திரும்புகிறது. கூட்டிலேயே உட்கார்ந்திருக்கவில்லை பாருங்கள். ஜும்ஆ அவசரத்தில் மோட்டார் சைக்கிளைப் பூட்டாமல் விட்டவன் நான். தொழுதுவிட்டு வந்தால், நிறுத்திய இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும்தான் கிடந்தது. தாராளமாகப் பூட்டுங்கள்.

லயத்து மகள்:
நானா, பூட்டைப் பற்றி யார் கேட்டது? அரிசியைப் பற்றித்தானே பேச்சு. கட்டச் சொன்னது அவரவர் ஒட்டகத்தை. பசித்தவரைப் பார்த்துத் தவக்குல் வை என்று சொல்ல அந்த ஹதீஸ் வரவில்லை.

என் உம்மா நாசி லெமாக் சோறு விற்று, ஹஜ் சேமிப்பு நிதியான தாபோங் ஹாஜியில் போட்டு வந்தார். (முன்பெல்லாம் ஹஜ்ஜுக் காசு தலையணைக்கு அடியில்தான். பொருளியலாளர் உங்கு அசிஸ் 1959-இல் யோசனை சொல்லி 1963-இல் அது தொடங்கிய கதை உம்மாவுக்கு மனப்பாடம்.) பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சீருடை, யாருக்கோ ஆஸ்பத்திரிச் செலவு என்று எடுத்து எடுத்துக் கொடுத்தார். ஒருமுறை கவுண்டரிலேயே சத்தம் போட்டேன்: "அப்புறம் எப்படி மக்காவுக்குப் போவீங்க?" "கூப்பிடுறவன் கூப்பிடுவான்" என்று விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு கைநாட்டு வைத்தார். போகாமலேயே மவுத்தாகிவிட்டார். கணக்கில் 410 வெள்ளி (ரிங்கிட்) இருந்தது. அது தவக்குலா, ஏமாளித்தனமா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கணக்குப்பிள்ளை:
எல்லாரும் உணர்ச்சிவசப்படுகிறீர்கள். தம்பி, கடைக்குத் தக்காஃபுல் (இஸ்லாமிய முறைக் காப்பீடு) எடுத்தாச்சா? இன்சூரன்ஸ் கூடாது என்பவர்களுக்காகத்தானே 1984-இல் அதற்குச் சட்டமே வந்தது. தீ, திருட்டு, வெள்ளம் மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள், எல்லாம் சேர்ந்தே இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கேமரா மாட்டுங்கள். 555 புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் போனில் படம் பிடித்து வையுங்கள், எங்கள் கடையில் கரையான் தின்றுவிட்டது. கடனுக்கு ஆளுக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள். அந்த ஐயாவுக்கு இபிஎஃப் சேமநிதி இருக்கிறதா என்று விசாரித்தீர்களா? கொடுப்பதென்றால் கடனாக எழுதாமல் சதகாவாக (தர்மமாக) கொடுங்கள், முஸ்லிம் அல்லாதவருக்கும் கொடுக்கலாம்.

ஈப்போ நானா:
கேமரா எதற்கு இப்போது?

கடைக்காரத் தம்பி:
மறுநாள் காலையில் மூட்டையை மோட்டாரில் வைத்துக்கொண்டு ஐயாவின் லயத்து வீட்டுக்குப் போனேன். கதவில் ஒரே ஒரு சின்னப் பூட்டு தொங்கியது. முதல் பஸ்ஸிலேயே கிள்ளானுக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டாராம். மூன்று வாரம் ஆகிறது. மூட்டை கல்லாவுக்குக் கீழேதான் இருக்கிறது. யாராவது கேட்டால் விற்பனைக்கு இல்லை என்கிறேன்.