ஒரு நாள் இழுக்கிறது, ஒரு நாள் படுத்துவிடுகிறது: பழைய டர்போ காரோடு பட்ட அனுபவங்கள்

பழைய டர்போ ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி ஒரு முறையாவது வந்திருக்கும். வண்டி நிற்காது, எந்த விளக்கும் எரியாது. ஆனால் நேற்று முதுகை இருக்கையோடு சேர்த்து அழுத்திய வண்டி இன்று மூன்றாவது கியரில் சோர்ந்துவிடும். என் கதையை எழுதுகிறேன். உங்களுடையதையும் எழுதுங்கள், யாருக்காவது உதவும்.

என்னுடையது தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த 2 லிட்டர், 4 சிலிண்டர் வண்டி. நல்ல நிலையில் பூஸ்ட் (டர்போ என்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்) 0.8 பார் வரை ஏறி அங்கேயே நிற்கும். கோளாறு ஆரம்பித்த பிறகு 0.8 தொட்ட முள் சில சமயம் அப்படியே 0.5க்கு வழுக்கிவிடும். என் வண்டியில் வேஸ்ட்கேட் (டர்போவைச் சுழற்றும் புகையில் கொஞ்சத்தை வெளியே விட்டு பூஸ்டைக் கட்டுப்படுத்தும் கதவு) ஸ்பிரிங் மட்டும் தாங்கும் அழுத்தம் ஏறக்குறைய அதுதான். அதற்கு மேல் ஏற்றித் தருவது ஒரு சின்ன சொலினாய்டு, அதாவது மின்சார வால்வு. அதனால் சந்தேகமே இல்லாமல் சொலினாய்டை மாற்றினேன். இரண்டு நாள் வண்டி பறந்தது. மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிட்டது. அப்புறம் பிளக், காயில், புளோ ஆஃப் வால்வு என்று வரிசையாக மாற்றினேன். காசு போனதுதான் மிச்சம்.

சொலினாய்டு மாற்றிய அந்த இரண்டு நாளும் மழை பெய்தது. வண்டி நன்றாக ஓடியது குளிரால். இது எனக்கு உறைக்க ஒரு மாதம் ஆனது. அதற்குப் பிறகுதான் ஒரு நோட்டு போட்டேன். வெளியே எவ்வளவு வெப்பம், கிளம்பி எத்தனை நிமிடம், எந்த கியர், எத்தனை ஆர்பிஎம், பூஸ்ட் எவ்வளவு. பன்னிரண்டு வரி சேர்வதற்குள் ஒரு ஒழுங்கு தெரிந்தது. முதல் கால் மணி நேரத்தில் கோளாறு ஒரு முறைகூட வரவில்லை. சூடான பிறகும் இரண்டாவது கியரில் வரவில்லை. மூன்றிலும் நான்கிலும் 4,500க்கு மேல் ஆக்ஸிலேட்டரை மிதித்தபடியே பிடித்திருந்தால்தான் வருகிறது. காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்தால் சில விநாடிகள் சரியாக இருக்கிறது.

எங்கோ கசிவு என்றுதான் அப்போதும் நினைத்தேன். டர்போ காற்றை இழுக்கும் வாயை ஒரு மூடியால் அடைத்து, மூடியில் பொருத்திய வால்வு வழியாக 1 பார் வரை காற்றடித்து, இணைப்புகள் எல்லாவற்றிலும் சோப்பு நீர் தெளித்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. (இதைச் செய்பவர்கள் கிராங்க்கேஸ், அதாவது ஆயில் இருக்கும் என்ஜின் அடிப்பகுதியிலிருந்து வரும் காற்றுக் குழாயை முதலில் அடைத்துவிடுங்கள். இல்லையென்றால் அழுத்தம் என்ஜின் ஆயில் பக்கம் போய் சீல்களைத் தள்ளும்.)

சோதனை முடிந்து, மூடியைப் போடுவதற்காகக் கழற்றி ஓரமாக வைத்திருந்த ரப்பர் குழாயை எடுத்தேன். ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்கு வரும் குழாய். மேல்பக்கம் கெட்டியாக இருந்தது. அடிப்பக்கத்தில், கிராங்க்கேஸ் ஆவி வந்து சேரும் இடத்தில், கட்டைவிரல் அப்படியே உள்ளே போனது. விரலை எடுத்த பிறகும் குழி உடனே மேலே வரவில்லை. வருடக்கணக்கில் ஆயில் ஆவி குடித்து ரப்பர் நைந்து போயிருந்தது.

குழாயை மாட்டி, பானெட்டுக்குள் ஒரு சின்ன கேமராவைக் கட்டிக்கொண்டு அரை மணி நேரம் ஓட்டினேன். வீடியோவில் பார்த்தபோது மனம் லேசானது. ஆர்பிஎம் ஏற ஏறக் குழாயின் நடுப்பகுதி ஒடுங்கிக்கொண்டே போகிறது. உறிஞ்சுகுழாயின் நுனியை அடைத்துக்கொண்டு உறிஞ்சினால் ஒடுங்குமே, அதே மாதிரி. காலை எடுத்ததும் விரிந்துவிடுகிறது. டர்போவுக்குப் பின்னால் இருக்கும் குழாய்களை அழுத்தம் வெளியே தள்ளும், முன்னால் இருப்பதை உறிஞ்சல் உள்ளே இழுக்கும். நான் செய்த கசிவுச் சோதனையில் இந்தக் குழாயே இல்லை. இருந்திருந்தாலும் காற்று அதை நிமிர்த்தித்தான் காட்டியிருக்கும்.

*

அண்ணா, உங்களுக்கு பூஸ்ட் இறங்கியது. எனக்கு நேர்மாறு. பூஸ்ட் 0.8 இல் கல் மாதிரி நிற்கும், வண்டி மட்டும் இழுக்காது. டேங்க் பாதிக்குக் கீழே போய், நீண்ட நேரம் ஓட்டியிருந்தால் கட்டாயம் வரும்.

எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் பெட்ரோல் லைனில் பிரஷர் கேஜ் மாட்டிக் கொடுத்தார். அடிப்படை அழுத்தம் 3 பார். பூஸ்ட் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு அழுத்தத்தை ரெகுலேட்டரும் கூட்டித் தர வேண்டும், அதாவது 0.8 பூஸ்டில் 3.8 வர வேண்டும். முதலில் வந்தது. சூடான பிறகு 3.2ஐத் தாண்டவில்லை. பம்ப் போய்விட்டது என்று வாங்கக் கிளம்பினேன். “முதலில் வோல்ட் பாருங்கள் தம்பி” என்றார். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8, பம்பின் முனையில் 10.9. டேங்க் மேலே இருந்த கனெக்டரைப் பிரித்தால் ஒரு பின் பழுப்பேறி, பிளாஸ்டிக் உருகி ஒட்டியிருந்தது. சூடாகச் சூடாக மின்தடை கூடி, பம்ப் மெதுவாகிக்கொண்டே போயிருக்கிறது. கனெக்டரை மாற்றி, எர்த் வயரைச் சுத்தம் செய்ததோடு தீர்ந்தது. பம்ப் இன்றும் பழையதுதான்.

எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். பூஸ்ட் சரியாக இருந்து இழுவை குறைந்தால், திரும்பத் திரும்ப மிதித்துச் சோதிக்காதீர்கள். காற்று முழுதாகப் போய் பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் உருகும். அளந்து பார்க்கும் வரை மெதுவாக ஓட்டுங்கள்.

*

எனக்கு பூஸ்ட் ஏறியதும் மிஸ்ஸிங் அடிக்கும், சாதாரணமாக ஓட்டினால் ஒன்றும் தெரியாது. சிலிண்டருக்குள் அழுத்தம் கூடினால் பொறி தாவ அதிக வோல்டேஜ் வேண்டும். பிளக் இடைவெளி தேய்ந்து 1.1 மில்லிமீட்டருக்கு வந்திருந்தது. 0.7 வைத்ததும் அடங்கியது.

*

பிளக், பெட்ரோல் எல்லாம் பார்ப்பதற்கு முன் கிளட்சைப் பாருங்கள். நான் இரண்டு வாரம் டர்போவைச் சந்தேகப்பட்டேன். உயர்ந்த கியரில், குறைந்த ஆர்பிஎம்மில் முழுதாக மிதித்தேன். ஆர்பிஎம் முள் துள்ளியது, வேகம் ஏறவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

*

எல்லோருக்கும் நன்றி. ஸ்கேனர் மாட்டிப் பார்க்கவில்லையா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். அமெரிக்காவிலேயே ஓபிடி-2 (ஸ்கேனர் மாட்டிக் கோளாறு கோட் படிக்கும் பொது முறை) கட்டாயமானது 1996 மாடலில் இருந்துதான். என் வண்டி அதற்கு முந்தையது, விளக்கு சிமிட்டும் எண்ணிக்கையை எண்ணித்தான் கோட் படிக்க வேண்டும். எண்ணினேன், எந்தக் கோடும் இல்லை. குழாய் ஒடுங்குவதைக் காட்ட அதில் எந்த சென்சாரும் கிடையாது.

புதுக் குழாய் மாட்டி நான்கு மாதம் ஆகிறது. நோட்டில் கடைசி வரி: 36 டிகிரி, 40 நிமிடம், நான்காவது கியர், 5,500, 0.8. ஆனால் போன வாரம் கழற்றிப் பார்த்தபோது புதுக் குழாயின் அடியிலும் ஆயில் ஈரம் இருந்தது. கிராங்க்கேஸ் காற்றுக் குழாயில் இருக்கும் வால்வு சரியாக மூடவில்லை என்று நினைக்கிறேன். இந்த ஞாயிறு அதைப் பிரிக்கிறேன், என்ன கிடைத்தது என்று இங்கேயே எழுதுகிறேன்.