முதலாண்டு மாணவர்களுக்குத் தீர்ப்பு தேடக் கற்றுக்கொடுப்பது: பார்வையற்ற மாணவிக்குத் தனி வகுப்பு வேண்டுமா?

அடுக்கு 340
வணக்கம். சட்டக் கல்லூரி நூலகத்தில் முதலாண்டு மாணவர் 60 பேருக்கு, வாரம் ஒரு மணி வீதம் மூன்று வகுப்பு ஒதுக்கியிருக்கிறார்கள். தீர்ப்பை எப்படித் தேடி எடுப்பது, எப்படிப் படிப்பது என்று சொல்லித்தர வேண்டும். பாதிப் பேருக்கு மேல் தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்தவர்கள். ஒரு மாணவிக்கு முழுக்கப் பார்வை இல்லை, மடிக்கணினியில் என்.வி.டி.ஏ. திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருள்) வைத்துப் படிக்கிறார். அவருக்குத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். எந்தத் தீர்ப்பில் தொடங்குவது? தமிழிலா, ஆங்கிலத்திலா? அவருக்கான கோப்பை எப்படித் தயாரிப்பது?

குறிப்புதவி மேசை
தனி நாள் வேண்டாம். பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து தப்பாகத் தேடித் திருத்திக்கொள்வதுதான் இந்தப் பாடத்தில் பாதி. அது அவருக்கும் கிடைக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 16 கேட்பதும் எல்லோரும் சேர்ந்து படிக்கும் கல்வியைத்தான். துறைத்தலைவரிடம் அந்தப் பிரிவையே காட்டுங்கள்.

கேசவானந்த பாரதி வழக்கின் தீர்ப்பில் தொடங்காதீர்கள், நூற்றுக்கணக்கான பக்கம். சென்னை மாநிலம் எதிர் செண்பகம் துரைராஜன் எடுங்கள். சில பக்கங்களில் முடிந்துவிடும். கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பங்கிட்ட வகுப்புவாரி அரசாணை செல்லாது என்ற தீர்ப்பு அது. வகுப்புவாரி அரசாணை என்றதும் நம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். பலகையில் இரண்டு சிட்டேஷன் (தீர்ப்பு எந்தப் புத்தகத்தில், எந்தப் பக்கத்தில் என்று காட்டும் குறி) எழுதுங்கள்: ஏ.ஐ.ஆர். 1951 மெட்ராஸ் 120, ஏ.ஐ.ஆர். 1951 எஸ்.சி. 226. ஏ.ஐ.ஆர். என்பது ஆல் இந்தியா ரிப்போர்ட்டர் என்ற தீர்ப்புத் தொகுப்பு, எஸ்.சி. என்றால் உச்ச நீதிமன்றம். ஒரே வழக்கு, ஒரே ஆண்டு, ஆனால் இரண்டு புத்தகம். முதலாவது உயர் நீதிமன்றம் சொன்னது. இரண்டாவது அதை எதிர்த்து அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போன அப்பீல். நிறையப் பேர் 226-ஐத் தொகுதி எண் என்று நினைத்து அலமாரி முழுக்க அலைவார்கள், ஏ.ஐ.ஆரில் அது பக்க எண். எஸ்.சி.சி. (சுப்ரீம் கோர்ட் கேசஸ்) என்ற தொகுப்பில் முறை வேறு: (1973) 4 எஸ்.சி.சி. 225 என்றால் அந்த ஆண்டின் நான்காம் தொகுதி, 225-ஆம் பக்கம். 60 பேரையும் ஒரே புத்தகத்துக்கு அனுப்பாமல், நாலு பேர் கொண்ட 15 குழுவாக்கிக் குழுவுக்கொரு சிட்டேஷன் கொடுங்கள்.

இரண்டாம் வாரம் ஹெட்நோட். அது பதிப்பாசிரியர் எழுதிய சுருக்கம், நீதிமன்றத்தின் வாக்கு அல்ல. அதை அப்படியே எடுத்து 'நீதிமன்றம் கூறியது' என்று எழுதும் பழக்கத்தை இப்போதே நிறுத்தாவிட்டால் பிறகு மூட் கோர்ட் மெமோரியல் (மாதிரி நீதிமன்றத்துக்கு எழுதும் வாதுரை) வரைக்கும் வரும்.

மூன்றாம் வாரம், தீர்ப்பு இன்னும் நிற்கிறதா என்று பார்ப்பது. இதற்கும் செண்பகம் வழக்கே போதும்: தீர்ப்பு 1951 ஏப்ரல் 9, ஜூன் மாதமே முதல் திருத்தம் வந்து, பிற்பட்ட வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அனுமதிக்கும் 15(4) அரசமைப்பில் சேர்ந்தது. தீர்ப்பை மட்டும் படித்துவிட்டு எழுந்தவன் பாதிச் சட்டத்தோடு வீட்டுக்குப் போகிறான்.

மொழி: விளக்கம் தமிழில், தேடுசொல் ஆங்கிலத்தில். தரவுத்தளங்களில் 'முன்தீர்ப்பு' என்று அடித்தால் ஒன்றும் வராது. அதற்கான ஆங்கிலச் சொல் 'பிரெசிடென்ட்' (precedent) என்பதை எழுத்துக்கூட்டல் மாற்றி president என்று அடித்தால் குடியரசுத் தலைவரைப் பற்றிய தீர்ப்புகள் வந்து நிற்கும். ஆகவே 40 சொல்லுக்கு இருமொழிப் பட்டியல் ஒரு பக்கத்தில் கொடுங்கள். உச்ச நீதிமன்றத் தளத்தில் சில தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு இருக்கிறது. புரிந்துகொள்ளப் பயன்படுத்தலாம், மேற்கோளுக்கு ஆங்கில மூலம்தான்.

பக்கக்குறி
கோப்பு பற்றி. முதலில் இ-எஸ்.சி.ஆரில் (உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புத் தொகுப்பான எஸ்.சி.ஆரின் இணைய வடிவம்) இலவசப் பி.டி.எஃப். இருக்கிறதா என்று பாருங்கள். செண்பகம் வழக்குக்கு [1951] எஸ்.சி.ஆர். 525. பி.டி.எஃப்.பில் நாலு வரியைத் தேர்ந்து நோட்பேடில் ஒட்டுங்கள். எழுத்தே வரவில்லை என்றால் அது வெறும் படம், ஓ.சி.ஆர். (படத்தில் உள்ள எழுத்தை உரையாக்கும் மென்பொருள்) வேண்டும்.

புத்தகத்திலிருந்து ஸ்கேன் செய்வதென்றால் 300 டி.பி.ஐ.க்குக் குறையக் கூடாது. ஏ.ஐ.ஆர். பக்கத்தில் செய்தித்தாள் போல இடமும் வலமுமாக இரண்டு பத்தி, ஓ.சி.ஆர். குறுக்கே படித்தால் இடது பத்தியின் அரை வரியோடு வலது பத்தியின் அரை வரி ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு பத்தியையும் தனிப்பகுதியாகக் குறித்து ஓட்டுங்கள். பழைய எஸ்.சி.ஆரில் ஓரத்தில் ஆண்டு, வழக்கின் பெயர், நீதிபதி பெயர் இருக்கும். அவை வாக்கியத்தின் நடுவில் வந்து விழும், கையால் நீக்குங்கள்.

இந்தத் தீர்ப்பிலேயே ஒரு சோதனை இருக்கிறது. அரசாணையின் 14 இடப் பங்கீடு: பிராமணரல்லாத இந்துக்கள் 6, பிற்பட்ட இந்துக்கள் 2, பிராமணர் 2, அரிஜனங்கள் 2, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறித்தவரும் 1, முஸ்லிம் 1. ஓ.சி.ஆர். பெயர்களை எல்லாம் முதலில் கொட்டிவிட்டு எண்களைக் கடைசியில் தனியாகக் கொட்டலாம். காதால் கேட்பவருக்கு எந்த எண் யாருக்கு என்றே தெரியாது. 'பிராமணர்: 2' என்று ஒவ்வொன்றையும் ஒரே வரியில் எழுதிவிடுங்கள்.

வேர்டில் தலைப்புகளுக்குத் தடித்த எழுத்து போதாது, ஹெட்டிங் ஸ்டைல் போடுங்கள். அப்போதுதான் திரைவாசிப்பானின் பிரவுஸ் மோடில் 'எச்' விசையைத் தட்டித் தாவ முடியும். அச்சுப்பக்கம் மாறும் இடத்தில் [பக்கம் 526] என்று எழுத வேண்டும். மறந்தால் எல்லாம் படித்தும் அவரால் பக்க எண்ணோடு மேற்கோள் காட்ட முடியாது.

தரவுத்தளத்தையும் மவுஸை ஒதுக்கிவைத்துவிட்டு டேப், என்டர் மட்டும் வைத்து நீங்களே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தேடல் பெட்டிக்கு 30 டேப் ஆகிறதா, படக் கேப்ச்சா வழிமறிக்கிறதா என்று வகுப்புக்கு முன்பே தெரிந்துவிடும்.

அடுக்கு 340
மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். பாடப்புத்தகத்தை முழுதாக ஸ்கேன் செய்துகொடுத்தால் பதிப்புரிமைச் சிக்கல் வருமா? எங்களிடம் இருக்கும் தமிழ்க் குறிப்பு அவர் கணினியில் ஒரே உளறலாக ஒலிக்கிறது, ஏன்?

பைண்டிங் பிரிவு
சிக்கல் இல்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தம் சேர்த்த 52(1)(zb) இதற்காகவே இருக்கிறது. மாற்றுத்திறனாளி படிப்பதற்கு, அணுகத்தக்க வடிவில் பிரதி எடுத்துக்கொடுக்கலாம். அந்தப் பிரதியை மற்ற மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள், விலக்கு அதற்கில்லை. ஸ்கேன் செய்யுமுன் சுகம்ய புஸ்தகாலயாவில் (அணுகத்தக்க வடிவ நூல்களுக்கான இணைய நூலகம்) தேடுங்கள். இருந்தால் ஒரு வார வேலை மிச்சம்.

பக்கக்குறி
உளறலுக்குக் காரணம் எழுத்துரு. வானவில், பாமினி போன்ற பழைய குறியாக்கத்தில் அடித்திருப்பார்கள். கண்ணுக்குத் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்தும் குறியீடும். திரைவாசிப்பான் உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். என்.எச்.எம். கன்வெர்ட்டரில் மூல எழுத்துருவைத் தேர்ந்து யூனிகோடாக்குங்கள். இடையில் ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் சேர்த்துத் தமிழாக்கிக் குழப்பிவிடும், அவற்றைக் கையால் திருத்த வேண்டும். பிறகு பி.டி.எஃப். ஆக்காமல் வேர்டாகவே கொடுங்கள்; பி.டி.எஃப்.பில் தமிழின் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறிப்போவது வழக்கம். வகுப்புக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பி, எந்தப் பக்கத்தில் தடுக்கிறது என்று அவரிடமே கேளுங்கள்.