கர்னல் மாற்றியதும் லாக் முழுக்க சிபியு சூட்டுச் செய்தி: வடிகட்டலாமா, கூடாதா?

மின்மினி:
உபுண்டு 18.04-இல் கர்னலை (சிஸ்டத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கர்னல்) 4.15-லிருந்து 5.4-க்கு மாற்றியதிலிருந்து ஒரே தொல்லை. இன்டெல் லேப்டாப், நாலு கோர், எட்டு த்ரெட். எதையாவது கம்பைல் பண்ண ஆரம்பித்தால் போதும், "கோர் டெம்பரேச்சர் அபவ் த்ரெஷோல்ட், சிபியு க்ளாக் த்ராட்டில்டு" (சூடு எல்லை தாண்டியது, சிபியு வேகம் குறைக்கப்பட்டது) என்று வரிசையாகக் கொட்டுகிறது, உடனே "நார்மல்" என்று இன்னொரு வரிசை. அதுவும் கிரிட்டிக்கல் லெவலில். பூட்டில் க்வயட் (சாதாரண செய்திகளைத் திரையில் காட்டாதே என்னும் ஆப்ஷன்) கொடுத்தும், டெக்ஸ்ட் கன்சோலில் நான் அடித்துக்கொண்டிருக்கும் கட்டளைக்கு நடுவிலேயே வந்து விழுகிறது. புது கர்னலின் பவர் மேனேஜ்மென்ட்தான் கோளாறு. லாக் எழுதும் ஆர்சிஸ்லாகில் இந்த வரியை வடிகட்டிவிடப் போகிறேன்.

சர்வர்காரன்:
தயவுசெய்து வேண்டாம். இந்த வரி 4.15-லும் உண்டு, கர்னல் செய்திகள் சேரும் பழைய கெர்ன் லாக் அழியாமல் இருந்தால் தேடிப் பாருங்கள். சூடு எல்லையைத் தொட்டதும் க்ளாக்கைக் குறைப்பது சிபியுவேதான், கர்னல் அதைக் குறித்து வைக்கிறது, அவ்வளவுதான். அப்டேட்டில் சூட்டைக் கட்டுப்படுத்தும் சேவையான தெர்மல்டி நின்றுபோயிருக்கலாம், சிபியு வேகத்தைத் தீர்மானிக்கும் கவர்னர் மாறியிருக்கலாம், இல்லை, ஃபேனில் தூசி அடைத்திருக்கலாம். அதையெல்லாம் பார்க்காமல் செய்தி சொல்கிறவன் வாயை மட்டும் ஏன் அடைக்கிறீர்கள்?

தறிக்காரன்:
சர்வர்காரன் சொல்வது ரேக்கில் இருக்கும் சர்வர் மெஷினுக்குப் பொருந்தும். மெல்லிய லேப்டாப்பில் முழு லோடு விழுந்தால் கொஞ்ச நேரத்திலேயே எல்லையைத் தொடும், அதன் கூலிங்கே அந்த அளவுக்குத்தான். இன்னொன்று, அந்த எல்லை சிபியுவின் உச்ச வெப்பநிலையாக இருக்கவேண்டும் என்பதுகூட இல்லை. தயாரிப்பாளர் வைப்பதுதான் எல்லை, சில மாடல்களில் உச்சத்துக்கு 20 டிகிரிக்கும் கீழே வைத்திருக்கிறார்கள். இதற்குப் போய் கிரிட்டிக்கல் என்றால் எப்படி? கோருக்கு ஒன்று, பேக்கேஜுக்கு (முழு சிப்புக்கு) ஒன்று, இரண்டுக்கும் "நார்மல்" வரி, இது ஒவ்வொரு த்ரெட்டுக்கும். ஒரே நிகழ்வுக்கு 32 வரி வரை வரும். அப்புறம் ஐந்து நிமிட இடைவெளி, மறுபடியும் அதே கதை. டிஸ்க் எரர் ஏதாவது வந்தால் இந்தக் குவியலில் கண்ணில் படுமா?

சர்வர்காரன்:
குவியல் என்பது சரி. ஆனால் வடிகட்டினால் நாளைக்கு ஃபேன் நின்றாலும் தெரியாதே?

தறிக்காரன்:
தெரியும். கர்னல் தன் விவரங்களை ஃபைல்களாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் ஒவ்வொரு சிபியுவின் கீழும் தெர்மல் த்ராட்டில் என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது, எத்தனை முறை த்ராட்டில் ஆனது என்ற எண்ணிக்கை அதில் ஏறிக்கொண்டே இருக்கும். மானிட்டரிங் வைக்கிறவர்கள் அதைப் படிக்கட்டும். கர்னல்காரர்களே இதை ஒத்துக்கொண்டுதான் 2020 ஜனவரியில் வந்த 5.5-இல் வரியை வார்னிங்குக்கு இறக்கினார்கள், க்வயட் இருந்தால் கன்சோலுக்கு வராது. க்ளாக்கைக் குறைத்த பிறகும் சூடு அடங்காவிட்டால்தான் இப்போது எழுதுகிறது.

சர்வர்காரன்:
நீங்கள் சொல்வதே என் பக்கம்தான் நண்பரே. 5.5 செய்தது தேவையானதை மட்டும் எழுதுவது, மின்மினி செய்யப் போவது எல்லாவற்றையும் குப்பையில் போடுவது. இரண்டும் ஒன்றல்ல.

மின்மினி:
தெர்மல்டி ஓடவில்லை, இப்போதுதான் பார்த்தேன். கிளப்பிவிட்டேன், வரிகள் குறைந்திருக்கின்றன, நிற்கவில்லை.

தறிக்காரன்:
அப்படியானால் 5.5-க்கோ அதற்கு மேலோ போங்கள், வடிகட்டி எதுவும் வேண்டாம்.

சர்வர்காரன்:
போவதற்கு முன் ஃபேனைக் கழற்றித் துடையுங்கள். அந்த த்ராட்டில் எண்ணிக்கையை இன்றைக்கே குறித்து வையுங்கள், துடைத்த பிறகு அதே கம்பைலை ஓட்டி எவ்வளவு ஏறுகிறது என்று இங்கே போடுங்கள்.