பிறந்து 5 நாளான குழந்தைக்கு மஞ்சள் காமாலை: வெயில் காட்டினால் போதுமா?

கேள்வி:
எங்கள் பெண் குழந்தையை மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது பிலிருபின் (ரத்தத்தில் சேர்ந்து மஞ்சளை உண்டாக்கும் நிறமி) 11 என்று எழுதிக் கொடுத்து, மஞ்சள் கூடினால் கொண்டு வாருங்கள் என்றார்கள். கூடுகிறதா என்று எப்படிப் பார்ப்பது என்பதை மட்டும் சொல்லவில்லை. இன்று 5 நாளாகிறது. முகத்தில் மட்டும் இருந்த மஞ்சள் இப்போது வயிற்றிலும் தெரிகிறது. அத்தை காலை வெயில் போதும் என்கிறார். பக்கத்து வீட்டுப் பாட்டி கழுதைப்பால் ஒரு சங்கு புகட்டச் சொல்கிறார். மனைவியின் ரத்த வகை ஓ பாசிட்டிவ், குழந்தைக்கு பி பாசிட்டிவ். என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
தம்பி, பச்சிளங்குழந்தைப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். டியூப்லைட்டின் கீழே பார்க்காமல், வாசல் வெளிச்சத்தில் நெற்றி, மார்பு, வயிறு, உள்ளங்கால் என்று வரிசையாக விரலால் அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் வெளுக்காமல் மஞ்சளாக நின்றால் அதுவரை காமாலை இறங்கியிருக்கிறது என்று கொள்ளலாம். மாநிறக் குழந்தைகளுக்கு ஈறையும் கண் வெள்ளையையும் பாருங்கள். ஆயினும் கண்ணளவை நம்பி வீட்டில் இருக்க வேண்டாம். தாய் ஓ வகையாகவும் குழந்தை பி வகையாகவும் இருந்தால், தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள்கள் குழந்தையின் சிவப்பணுக்களை உடைக்கக்கூடும் என்பதால், இன்றே ரத்தப் பரிசோதனை தேவை. பால் குடிக்க எழாமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, கீச்சென்று அழுதாலோ, முதுகை வில்லாக வளைத்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். பிலிருபின் மூளையில் படிந்தால் காது கேளாமை வரைக்கும் கொண்டுபோய் விடும்.

மறுமொழி 2:
என் மகனை நாங்களும் ஜன்னலோரம் கிடத்தி இரண்டு நாளை வீணாக்கினோம். மருத்துவமனை விளக்கின் நீல ஒளிதான் பிலிருபினை உருமாற்றி, மலத்திலும் சிறுநீரிலும் வெளியேறச் செய்கிறது. வெயிலில் அந்த ஒளி இருந்தாலும் அளவு கைக்குள் அடங்காது, பிஞ்சு உடம்பு சூடேறி நீர்ச்சத்தும் வற்றும். தாய்ப்பாலை நாளைக்கு 8 முதல் 12 முறை கொடுக்கச் சொல்லுங்கள். குளுக்கோஸ் தண்ணீரால் வயிறுதான் நிறையும், காமாலை குறையாது. காய்ச்சாத கழுதைப்பாலால் கிருமித் தொற்று வரலாம். பாட்டி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

மறுமொழி 3:
மேலே யாரும் மலத்தின் நிறத்தைச் சொல்லவில்லை. நிறைமாதக் குழந்தைக்கு 14 நாளுக்குப் பிறகும் மஞ்சள் நீடித்து, மலம் சுண்ணாம்பு போல வெளுத்து, சிறுநீர் துணியில் மஞ்சள் கறையாகப் படிந்தால், பித்தநாளம் அடைபட்டிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அதற்கான அறுவை சிகிச்சை 60 நாளுக்குள் நடந்தால் பலன் கூடுதல். என் அண்ணன் குழந்தைக்கு, தாய்ப்பாலால் வரும் மஞ்சள்தான் என்று ஆளுக்கு ஆள் சொல்லியே ஏழாவது வாரம் வந்துவிட்டது.

கேட்டவர்:
மாலையிலேயே கொண்டு போனோம். பிலிருபின் 18.6. கண்ணைத் துணிப்பட்டையால் மூடி, விளக்கின் கீழே கிடத்தியிருக்கிறார்கள். பாலூட்ட மட்டும் வெளியே எடுக்கிறோம். மலம் நல்ல மஞ்சளாகத்தான் போகிறது. நாளைக் காலை மறுபடி ரத்தம் எடுப்பார்கள்.