அக்ராவில் பழைய ஸ்டுடியோவில் படம் எடுத்துக்கொள்ள யோசனை தேவை

ஊர்சுற்றி கேட்டது:
வேலை விஷயமாகக் கானா போகிறேன், தங்கல் அக்ராவில். கோட்டையும் கலங்கரை விளக்கமும் எல்லோரும் பார்ப்பதுதான், எனக்கு ஆசை வேறு. அக்ராவின் பழைய பகுதியான ஜேம்ஸ்டவுனில் டியோ கிராசியாஸ் என்ற ஸ்டுடியோ, 1922இல் ஜே.கே. புரூஸ்-வாண்டர்புயே தொடங்கியது, இன்னும் அந்தக் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறதாம். அதுபோன்ற இடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, விளக்கு போட்டு, முறையாக ஒரு படம் எடுத்துக்கொண்டு பிரிண்ட்டோடு திரும்ப வேண்டும். முன்பின் தெரியாத ஆள் உள்ளே நுழைந்தால் எடுப்பார்களா? பின்னால் வரைந்த படுதா எல்லாம் இன்னும் உண்டா?

தேமாவாசி:
தாராளமாக எடுப்பார்கள், கடைதானே. இங்கே ஸ்டுடியோக்களின் அன்றாடப் பிழைப்பு பாஸ்போர்ட் படமும் பிரிண்ட்டும்தான், அதனால் "போர்ட்ரெய்ட் வேண்டும், அவசரமில்லை" என்று நீங்கள் சொன்னாலே முகம் மலர்ந்துவிடும். ஆனால் சனிக்கிழமை போகாதீர்கள். இங்கே இறுதிச் சடங்குகள் பெரும்பாலும் அன்றுதான், ஊரே கறுப்பிலும் சிவப்பிலும் இருக்கும். ஞாயிறு சர்ச் முடிந்து குடும்பம் குடும்பமாக நல்ல உடையில் வருவார்கள், கூட்டம்தான், ஆனால் பார்க்க அவ்வளவு அழகு. காசு மோமோவில், அதாவது போன் வழியாக அனுப்பும் பணமாகக் கேட்பார்கள், கையில் கொஞ்சம் கானா செடி நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விலையை உட்காருவதற்கு முன்பே பேசிவிடுங்கள், எத்தனை பிரதி, என்ன அளவு என்பது உட்பட.

நெகட்டிவ்பெட்டி:
படுதா பற்றி. நீங்கள் மனதில் வைத்திருப்பது கானா புகைப்படக்காரர் பிலிப் குவாமே அபாக்யாவின் படங்கள் என்று நினைக்கிறேன்: டிவியும் ஸ்டீரியோவும் அடுக்கிய வரவேற்பறை, விமானத்தின் படிக்கட்டு, எல்லாமே பெயிண்ட், முன்னால் நிற்கும் ஆள் மட்டும் நிஜம். அவர் ஸ்டுடியோ வைத்தது கடற்கரை ஊரான ஷாமாவில், அக்ராவில் இல்லை. அந்தப் பாணி எல்லாக் கடையிலும் கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான், இப்போது பல இடங்களில் ஒற்றை நிறத் துணியோ கணினியில் ஒட்டிய பின்னணியோதான்.

அதே ஜேம்ஸ்டவுனில்தான் ஜேம்ஸ் பார்னர் என்ற புகைப்படக்காரர் 1950களின் தொடக்கத்தில் எவர் யங் என்ற ஸ்டுடியோ வைத்திருந்தார். நெகட்டிவின் மேலேயே பென்சிலால் தொட்டுச் சுருக்கங்களை மறைக்கும் வேலை அந்தக் காலத்து ஸ்டுடியோக்களின் பெரிய கவர்ச்சி. 1959இல் லண்டன் போனார், திரும்பி வந்தபோது கலர் பிராசஸிங்கையும் கையோடு கொண்டுவந்தார்.

ஒன்று மட்டும் கேளுங்கள்: போய் உட்கார்ந்த பிறகு "கேண்டிடா எடுங்க, சிரிக்கிற மாதிரி, ஜன்னல் வெளிச்சத்துல" என்று இயக்குநர் வேலை பார்க்காதீர்கள். கையை எங்கே வைப்பது, தாடையை எவ்வளவு தூக்குவது என்று படம் எடுப்பவர் சொல்லட்டும், அதற்குத்தானே போகிறீர்கள். பழைய நெகட்டிவ் பெட்டிகளைக் காட்டினால் பாருங்கள், போனை நீட்டிப் படம் பிடிக்காதீர்கள். அவை வேறு குடும்பங்களின் முகங்கள்.

சும்மாஒருவன்:
இதற்கு இவ்வளவு யோசனையா, போனிலேயே போர்ட்ரெய்ட் மோடு இருக்கிறதே.

தேமாவாசி:
இருக்கிறது, என்னிடமும் ஆயிரக்கணக்கில் கிடக்கிறது, ஒன்றைக்கூடச் சட்டம் போட்டு மாட்டவில்லை. இங்கே வரவேற்பறைச் சுவரில் தாத்தாவிலிருந்து பேரன் பட்டமளிப்பு வரை வரிசையாக மாட்டியிருப்பார்கள், ஒருவர் இறந்தால் சுவரொட்டியில் வருவதும் நல்ல ஸ்டுடியோ படமாகத்தான் இருக்க வேண்டும் என்று பார்ப்பார்கள்.

ஊர்சுற்றி:
நன்றி எல்லோருக்கும். படுதா ஆசையை விட்டுவிட்டேன். வேட்டி சட்டையில் போய் உட்கார்ந்தால் விசித்திரமாகப் பார்ப்பார்களா?

நெகட்டிவ்பெட்டி:
ஆண்கள் தோளோடு கென்டே என்ற கைத்தறித் துணி போர்த்தி விசேஷத்துக்குப் போகிற நாடு அது, வேட்டியைப் பார்த்து யாரும் திகைக்க மாட்டார்கள், கரை என்ன நெசவு என்றுதான் கேட்பார்கள். முழு உருவப் படம் கேளுங்கள், இடுப்போடு வெட்டினால் வேட்டி கட்டியதே வீண். அப்புறம், ரப்பர் செருப்போடு போகாதீர்கள், காலும் படத்தில் விழும்.

தேமாவாசி:
கஞ்சி போட்ட வேட்டியை ஜேம்ஸ்டவுன் வெயிலில் கட்டிக்கொண்டு நடக்காதீர்கள், டாக்சியில் போங்கள். வழிகாட்டுகிறேன் என்று யாராவது கூட வந்தால் பணம் உண்டா இல்லையா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பிரிண்ட் அன்றே கையில் கிடைக்காவிட்டால் மறுபடி போக வேண்டியிருக்கும், அதனால் விமானத்துக்கு முந்தைய நாள் வரை தள்ளிப்போடாமல் வந்த உடனேயே போய்விடுங்கள்.